கட்டிப்பிடிக்கிறவருக்கு ஏற்ற உறை

வெர்லின் ஸ்டால்கப்பின் கைக்குள் போய் வராமல் பைனி கேப் பாப்டிஸ்டு சபைக்குள் யாரும் நுழைந்ததில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது. வாசல் கதவை ஒட்டி அவர் நிற்பார், அவருடைய அகலம் அப்படி. தொப்பை முதலில் வரும், ஆள் பிறகு வருவார். பிழைப்பு வாயு லாரி ஓட்டுவது. டென்னசி மலைச்சரிவில் ஒண்டியாகக் கிடக்கிற வீடுகளுக்கெல்லாம் போய், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டிய எரிவாயுவைத் தோட்டத்துத் தொட்டியில் நிரப்பிவிட்டு வருவார். வாரம் முழுக்கச் சேர்த்தாலும் நாலு வார்த்தை தேறாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் இரண்டு கைகளையும் விரிப்பார்.

அவர் வளர்ந்த வீடு கட்டிப்பிடிக்கிற வீடு அல்ல. அப்பா சாகும்வரை மகனுக்குக் கை குலுக்கத்தான் கொடுத்தார், அதுவும் பெருநாளில். இளவட்டமாக இருந்தபோது, சும்மா நிற்கிறானே என்று வாசலில் நிறுத்தி, பாட்டு எண்கள் அச்சடித்த தாளைக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வாரம் மகனைப் புதைத்துவிட்டு ஒரு மரம்வெட்டி வந்தார். வெர்லினுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தாள்கட்டைக் கீழே போட்டுவிட்டு அந்த ஆளை அப்படியே அணைத்துக்கொண்டார். உள்ளே முதல் பாட்டு முடிகிறவரை அந்த மனுஷன் விடவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது. பேசத் தெரியாதவனுக்குக் கடவுள் கையையாவது நீளமாகக் கொடுத்தாரே என்று வெர்லினே சொல்லிக்கொள்வார்.

வாரந்தோறும் முதலில் வருகிறவர் மிஸ் ஒலீட்டா. எண்பதை நெருங்கிய சின்ன உருவம். தலை வெர்லினின் சட்டைப்பை வரைக்கும்தான் வரும், கைகள் சரியாக அவருடைய இடுப்புவாரைச் சுற்றி வரும். முட்டிவலிக்காரர் என்பதால் கதவுக்கு மிக அருகில், கடைசி பெஞ்சில் உட்காருவார். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒரு தடவை வெர்லினின் சட்டைக்குள் முகத்தை வைத்தபடியே சொன்னார்:

"ஒரு வாரத்துல மனுசக் கை என் மேல படறது இந்த ஒரு தடவைதான், கண்ணு. டாக்டர்கூட இப்பல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் என்கூடப் பேசறாரு."

வெர்லின் கையைத் தளர்த்தவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மாளை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சபைக்குள் பயம் வந்தது டெலிவிஷன் வழியாக. வேறு ஏதோ மாநிலத்தில், ஏதோ ஒரு தேவாலயத்தில், ஆராதனை நடுவில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை, சபையின் கீழ்த்தளத்தில் ஆண்கள் மாதாமாதம் கூடிச் சாப்பிடுகிற காலைச் சாப்பாட்டில், மெத்தென்ற பிஸ்கட் ரொட்டிக்கும் அதை முக்கித் தின்கிற குழம்புக்கும் நடுவே கெர்வின் எழுந்தார். கெர்வின் மாவட்டப் போலீசான ஷெரிப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான், மீசையும் முறைப்பும் இன்னும் பணியில்தான் இருந்தன.

"நமக்கும் ஒரு பாதுகாப்புக் குழு வேணும். யார்கிட்டத் துப்பாக்கி இருக்குன்னு வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா வர்றவன் முதல்ல அவனைத்தான் சுடுவான். பொம்பளைங்க பயந்துக்குவாங்க, பிள்ளைங்க தொட்டுப் பார்க்கும். வெளிய ஒரு புடைப்புகூடத் தெரியாம இருக்கணும். சரி, வாசல்லயே எப்பவும் நிக்கறது யாரு?"

எல்லாத் தலையும் வெர்லின் பக்கம் திரும்பியது. அவர் வாயில் பிஸ்கட் இருந்தது.

"பிரதர் வெர்லின், நீங்கதான்" என்றார் கெர்வின். மேஜையைச் சுற்றி "ஆமென்" எழுந்தது. ஆமென் சொன்ன அத்தனை பேரும் வாராவாரம் அந்தக் கைகளுக்குள் போய் வந்தவர்கள்தாம். மறைத்து வைக்கவேண்டிய ஒன்றை, ஊரே கட்டிப்பிடிக்கிற ஓர் உடம்பில் போய் வைக்கிறோமே என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. வெர்லினுக்கும் தோன்றவில்லை. அவர் நினைத்ததெல்லாம் கடைசி பெஞ்சைப் பற்றித்தான். கதவைத் திறந்துகொண்டு எவன் வந்தாலும் முதலில் எதிர்ப்படுவது மிஸ் ஒலீட்டாதான். பிஸ்கட்டை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

துப்பாக்கி அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தோட்டத்துப் பாம்புக்காக வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருந்த சின்னக் கைத்துப்பாக்கி. எங்கள் பக்கத்தில் துப்பாக்கி கிடைப்பது பெரிய காரியமில்லை. அதை உடம்பில் எங்கே வைப்பது என்பதில்தான் ஆண்பிள்ளைகள் ஆயுளைக் கழிக்கிறார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் டப் என்பவன் துப்பாக்கிக் கடை வைத்திருந்தான். வெர்லினோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கடையின் ஒரு சுவர் முழுக்கத் துப்பாக்கி உறைகள் தொங்கின. தோல், பிளாஸ்டிக், துணி, கறுப்பு, பழுப்பு, இளஞ்சிவப்புகூட இருந்தது. அந்தச் சுவர் முன்னால் வெர்லின் நின்ற நிலையைப் பார்த்து டப்புக்கே பாவமாகிவிட்டது.

"எங்க வைக்கப் போற?" என்றான்.

"உறையிலதான்."

"அட, உடம்புல எங்கப்பா? இடுப்புக்கு வெளியவா, கால்சட்டைக்கு உள்ளயா, முன்னாடியா, பின்னாடியா, அக்குள்லயா, கணுக்கால்லயா?"

வெர்லின் தன் உடம்பைக் குனிந்து பார்த்தார். தொப்பைக்குக் கீழே இருந்த எதுவும் தெரியவில்லை.

டப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். விசை முழுசாக மூடியிருக்கவேண்டும், விரலோ சட்டை நுனியோ உள்ளே போகக் கூடாது. தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் துப்பாக்கி விழக் கூடாது. எடுத்ததைத் திரும்ப வைக்கும்போது உறையின் வாய் அமுங்காமல் திறந்தே நிற்கவேண்டும், ஏனென்றால் விபத்தெல்லாம் திரும்ப வைக்கும்போதுதான். அதோடு நல்ல விறைப்பான வார் வேண்டும், உன் தளர்ந்த வாரில் கட்டினால் கால்சட்டையே இறங்கிவிடும் என்றான். இதுவரை வெர்லினுக்கு எல்லாம் விளங்கியது. அதற்குள் கடையில் இருந்த மற்றவர்கள் கூடிவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஆண்களிடம் வேறு எதைக் கேட்டாலும் யோசித்துத்தான் சொல்வார்கள். உறை என்றால் மட்டும் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டிவிடுவார்கள். வைக்கோல் வாங்க டவுனுக்கு வந்தவர் ஒருவர் சட்டையைத் தூக்கினார். "தோல்தான் சார். உடம்போட ஒட்டிக்கும்." அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் தூக்கினார். "தோலா? வேர்த்தா ஊறிப்போயி வாய் சுருங்கிடும். பிளாஸ்டிக்தான்." "பிளாஸ்டிக் சதையைக் கடிக்கும் சார், இங்க பாருங்க தழும்பு." முன்பக்கம்தான் வேகமாக எடுக்கலாம் என்றார் ஒருவர். முன்பக்கம் வைத்து உட்கார்ந்தால் குழாய் எதைப் பார்க்கும் என்று யோசித்தீரா என்றார் இன்னொருவர். அந்தக் கேள்விக்குப் பிறகு முன்பக்கக்காரர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இதுல எதுதான் சரி?" என்று டப்பிடம் மெதுவாகக் கேட்டார் வெர்லின்.

"முதல்ல வாங்கினதே சரியா அமைஞ்சவன் இந்த மாவட்டத்துலயே கிடையாது. எல்லார் வீட்டுலயும் ஒரு இழுப்பறை நிறைய வேண்டாத உறை கிடக்கும். பொண்டாட்டிக்குத் தெரியாத இழுப்பறை. நீ வாங்கு, போட்டுப் பாரு, சரிப்படலைன்னா இன்னொண்ணு வாங்கு. நான் கடையை எப்படி நடத்தறேன்னு நினைச்ச?"

வெர்லின் வலது இடுப்பில் கால்சட்டைக்கு உள்ளே செருகுகிற ஒன்றை வாங்கினார். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று கணுக்கால் உறை ஒன்று, வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற துணிப்பட்டை ஒன்று. வீட்டுக்கு வந்து மனைவி வானெல்லிடம் விஷயத்தைச் சொன்னார். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் மறைக்கிற அளவுக்கு அவருக்குப் பேச்சுத் திறமை போதாது. வானெல் பள்ளிக்கூட உணவறையில் சமைத்து ஓய்வு பெற்றவள், எதையும் பரிமாறிப் பார்த்துத்தான் நம்புவாள்.

"குண்டை எடுத்துட்டயா?"

"எடுத்துட்டேன். ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"சரி, மாட்டிக்க. நான்தான் மிஸ் ஒலீட்டா" என்று முட்டியை மடக்கி, குள்ளமாகி, வந்து கட்டிக்கொண்டாள். அவளுடைய இடது கை நேராக அதன் மேல் போய் நின்றது. "இருக்கு."

துணிப்பட்டையைக் கட்டினார். "இப்ப நான் போதகர்" என்று வந்தாள். போதகரும் தொப்பைக்காரர், அவரும் வெர்லினும் கட்டிக்கொண்டால் முதலில் தொப்பைகள்தாம் சந்திக்கும். "இருக்கு. இரும்புச்சட்டி கட்டின மாதிரி இருக்கு." கணுக்காலில் மாட்டினார். வானெல் வரவில்லை, நின்ற இடத்திலேயே சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை பள்ளிப் பிள்ளைங்க வந்ததும் எதைப் பிடிச்சுத் தொங்கும்?" வெர்லினின் கால்களைத்தான். ஒரு காலில் ஒன்றாவது தொங்காத ஞாயிறே கிடையாது. டப்பிடம் மறுபடி போய், பின்னிடுப்பில் வைக்கிற ஒன்றும் அக்குளில் மாட்டுகிற ஒன்றும் வாங்கிவந்தார். மரம்வெட்டிகள் கட்டிக்கொண்டே முதுகில் அறைவார்கள், பின்னிடுப்பு போயிற்று. உயரமான பெண்கள் அக்குளுக்குள் கை விட்டு அணைப்பார்கள், அதுவும் போயிற்று. நாற்பது வருஷத்தில் அந்த உடம்பின் ஒவ்வோர் இடமும் சபையில் யாராவது ஒருவருக்குப் பட்டா ஆகியிருந்தது. புறம்போக்கு நிலம் ஒரு சாண்கூட இல்லை.

"இந்த வாரத்துல நீ என்னைக் கட்டிப்பிடிச்ச மாதிரி கல்யாணம் ஆன புதுசுலகூடப் பிடிச்சதில்ல" என்றாள் வானெல். குரலில் கேலிதான் இருந்தது, ஆனாலும் உடனே விலகவில்லை. வெர்லினும் விலகவில்லை. அந்த நேரம் மட்டும் அவருக்குக் குழப்பம் இல்லை.

கடைசியில் கெர்வின்தான் வழி சொன்னார். "வலது இடுப்புலயே வைங்க, மேல தொளதொளன்னு சட்டை போடுங்க. கட்டிப்பிடிக்கறதை மாத்திக்கங்க பிரதர். வலது பக்கத்தை சுவர் பக்கம் திருப்பி நிக்கணும். இடது கையை மட்டும் தோள்ல போட்டு, பக்கவாட்டுல ஒரு அழுத்து. அவ்வளவுதான். வலது முழங்கையால அதை மூடிக்கிட்டே இருக்கணும். எவனும் கிட்ட வரக் கூடாது."

"எவனும்னா?"

"எவனும்னா எவனும்தான். அதுக்குத்தானே நிக்கறீங்க."

வெர்லின் அதைத் தொழிற்சாலைப் பயிற்சி மாதிரிக் கற்றுக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று வலது இடுப்பைத் திருப்பினார், இடது கையை நீட்டினார். முதல் ஞாயிறு மிஸ் ஒலீட்டா வழக்கம்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். வெர்லின் திரும்பி நின்று, இடது கையைத் தோளில் போட்டு, ஓர் அழுத்து அழுத்தி விட்டார். அந்த அம்மாளின் கைகள் காற்றில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கின. "சளி பிடிச்சிருக்கா, கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டார் வெர்லின். சபை வாசலில் நின்று சொன்ன பொய், நாள் முழுக்க நெஞ்சைக் கரித்தது.

பிள்ளைகள் ஓடிவந்தால் இப்போது குனிந்து உள்ளங்கையில் தட்டினார். மற்றவர்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். வயசாயிற்று, முதுகு பிடித்துக்கொண்டிருக்கும் என்று அவர்களே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். மாறியது அவருடைய கண்ணும்தான். முன்பெல்லாம் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார், யாருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். இப்போது கையைப் பார்த்தார், கோட்டுப் பையைப் பார்த்தார். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால் யார் முகமும் நினைவில் இருக்காது. இது காவலா, களவா என்று அவருக்குப் புரியவில்லை. கெர்வின் மட்டும் தோளில் தட்டி, "ஒரு புடைப்பு தெரியல, பிரதர்" என்றார்.

அறுவடைக்காலம் முடிந்து குளிர் இறங்கியபோது கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறும் காலி. முட்டியாக இருக்கும் என்றார்கள். அந்த வாரமே மிஸ் ஒலீட்டா வீட்டுத் தொட்டிக்கு வாயு நிரப்பும் முறை வந்தது. வாயு லாரியில் துப்பாக்கி எடுத்துப் போகக் கூடாதென்பது கம்பெனிக் கட்டளை, எனவே வெர்லின் வெறும் ஆளாகத்தான் போனார். தொட்டியை நிரப்பி, குழாயைச் சுருட்டிவிட்டு, வாசல் படியேறிக் கதவைத் தட்டினார்.

கொசுவலைக் கதவுக்குப் பின்னால் அந்த அம்மாள் வந்து நின்றார். கதவைத் திறக்கவில்லை. பூவாசனைச் சோப்பின் வாடை வலையைத் தாண்டி வெளியே வந்தது.

"ரெண்டு வாரமா காணோமே, மிஸ் ஒலீட்டா."

"முட்டி."

"முட்டி எப்பவும் இருக்கறதுதானே."

மிஸ் ஒலீட்டா ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார். பிறகு, "ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லு. என் மேல நாத்தம் அடிக்குதா?" என்றார்.

வெர்லின் ஓர் எட்டு முன்னால் வைத்தார்.

"வயசானா நமக்கே தெரியாது கண்ணு. எங்க அத்தை ஒருத்திகிட்ட அடிச்சுது. யாரும் வாய்விட்டுச் சொல்லல. தள்ளித் தள்ளி உக்காந்தோம், நானும்தான். அதனால நீ தள்ளி நிக்க ஆரம்பிச்சதுமே எனக்கு விளங்கிடுச்சு. சோப்பை மாத்தினேன். காலையில ஒரு தடவை, சபைக்குக் கிளம்பறப்ப ஒரு தடவைன்னு குளிச்சேன். அப்பவும் நீ அந்த ஒத்தக் கையைத்தான் நீட்டின. உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு நின்னுட்டேன்."

"ஐயோ, அது இல்லைங்க." வெர்லின் கெர்வினுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்திலேயே போட்டு உடைத்தார். "துப்பாக்கிங்க. இங்க, இடுப்புல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னாங்க. நீங்க பிடிச்சா சரியா அது மேலதான் கை படும்."

"உனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"யாராவது வந்துட்டா... நீங்கதான் கதவுக்குப் பக்கத்துல உக்கார்றீங்க. முதல்ல உங்களைத்தான்..."

மிஸ் ஒலீட்டா வலைக்கு நெருங்கி வந்தார். கோபப்படவில்லை. "என்னைச் சுட எவனாவது வருவானோ மாட்டானோ, அது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். நீ கட்டிக்குவன்னுதான் நான் அங்க வந்துக்கிட்டிருந்தேன்." கொசுவலைக் கதவில் கையை வைத்தார். "இப்ப இருக்கா அது?"

"இல்லைங்க. லாரியில எடுத்துட்டு வரக் கூடாது."

"அப்புறம் ஏன் அப்படி நிக்கற?"

வெர்லின் குனிந்து தன்னைப் பார்த்தார். வலது இடுப்பைத் தூண் பக்கமாகத் திருப்பி, பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். வலது முழங்கை விலாவோடு இறுக ஒட்டியிருந்தது. அங்கே வெறும் சட்டைதான் இருந்தது. நேராகத் திரும்பிக் கைகளை விரிக்கப் பார்த்தார். இடது கை பழகினபடி போயிற்று. வலது கை பாதியில் நின்றுவிட்டது. அது தோளுக்கு மேலே போகவேண்டுமா, கீழே போகவேண்டுமா? நாற்பது வருஷத்தில் ஒரு தடவையும் அதை யோசிக்கவேண்டி வந்ததில்லை. யோசித்தும் பார்த்தார், வரவில்லை. கை குலுக்க மட்டுமே தெரிந்த அப்பாவை நினைத்துக்கொண்டார். பயமாக இருந்தது, அழுகை வந்தது.

"எப்படின்னு மறந்துபோச்சுங்க" என்றார்.

மிஸ் ஒலீட்டா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். பாதியில் நின்ற அந்தக் கையின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, குழந்தைக்குச் சட்டைக்கை மாட்டிவிடுகிற மாதிரி நிதானமாகத் தூக்கி, தன் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

"இங்கதான்" என்றார். "இங்கதான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கெர்வினிடம் என்ன சொல்வதென்று வெர்லினுக்குத் தெரியவில்லை. கெர்வின் பயப்படுவதும் பொய்யில்லை, கடைசி பெஞ்சு காலியாகக் கிடந்ததும் பொய்யில்லை. கையை மட்டும் எடுக்காமல் நின்றார்.